கொடைக்குப் போன கரகம்: ஓர் ஆட்டக்கடையின் கணக்கு

பித்தளைக் கரகச் செம்பு மூன்றையும் வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்ட அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். 2020 ஆவணி. கடைக்காரர் செம்பின் வாயில் சொருகியிருந்த காகிதப் பூக்கூட்டையும் உச்சியில் உட்கார்ந்திருந்த கிளியையும் பிடுங்கி ஓரமாக வைத்தார். உள்ளே கிடந்த மணலைத் தரையில் கொட்டினார். "இதெல்லாம் எடையில சேராது அண்ணாச்சி" என்றார். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கிளியை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்தச் செம்புகள் மூன்று வருஷத்துக்கு மேல் ஆடிய இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற நான்கு வழிச்சாலை ஓரத்தில், ஒரு பழைய அரிசி ஆலைக் கொட்டகைக்குள் இருந்தது அது. ராத்திரிச் சாப்பாடு, சாப்பிடுகிறவர்களுக்கு எதிரே ஆட்டம். பெயரைச் சொல்லப் போவதில்லை. முதலாளி இன்னும் மரியாதையாகத் தொழில் செய்துகொண்டிருப்பவர். போர்டில் இருந்த பெயர் ஊரில் யார் வாயிலும் ஒட்டவும் இல்லை. எல்லாரும் 'ஆட்டக்கடை' என்றுதான் சொன்னார்கள். அதைச் சரியாகக் காதில் வாங்காமல், கறி எடுக்கப் பையோடு வந்து நின்றவர்களும் உண்டு.

நான் அங்கே பகுதிநேரக் கணக்கு. பகலில் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், சாயங்காலம் ஆறரைக்கு அங்கே கல்லாவுக்குப் பின்னால். ஏன் மூடினீர்கள் என்று யார் கேட்டாலும் முதலாளி "கொரோனா" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. 2020 மார்ச் 24 ராத்திரி நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவித்தபோது அங்கே மூடுவதற்கு அதிகம் மிச்சமில்லை. பேரேட்டைப் புரட்டினால் 2019 சித்திரையிலேயே மூச்சு நின்றிருப்பது தெரியும். அந்தச் சித்திரையைப் புரிந்துகொள்ளத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஜெய்ப்பூரில் பார்த்தது, பார்க்காமல் விட்டது

முதலாளி பம்பாயில் இருபது வருஷம் வியாபாரம் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்காக ஜெய்ப்பூர் போனபோது டோங்க் ரோட்டில் இருக்கும் சோக்கி தாணி என்கிற கேளிக்கைக் கிராமத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மண் சுவர், ஒட்டகம், பொம்மலாட்டம், கால்பேலியா ஆட்டம், கடைசியில் தரையில் உட்காரவைத்துச் சோளரொட்டியும் நெய்யும். வாசலில் டிக்கெட் வாங்கினால் சாப்பாடும் அதிலேயே சேர்ந்தது. இவருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லையாம். "நம்ம ஊர்ல இல்லாத ஆட்டமா தம்பி? கரகம், காவடி, பொய்க்கால் குதிரை, ஒயில், தேவராட்டம், கணியான் கூத்து. அவங்க பாலைவனத்த வச்சே பண்ணுதாங்க. நமக்கு ஆறே ஓடுது" என்று என்னிடம் சொன்னது 2015 மழைக்காலம்.

யோசனையில் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. சோக்கி தாணியில் ஆட்டம் நடக்கிற இடம் வேறு, பந்தி வேறு. நீங்கள் சுற்றி வருகிறீர்கள், ஓர் ஆட்டத்தின் முன் நிற்கிறீர்கள், நகர்கிறீர்கள், பசித்தால் பந்திக்குப் போகிறீர்கள். ஆட்டக்காரர் உங்கள் இலைக்காகக் காத்திருப்பதில்லை.

இந்த மாதிரி இடங்களுக்கு அமெரிக்காவில் நீண்ட வரலாறு இருக்கிறது என்பதைப் பிற்பாடு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1953-இல் வர்ஜீனியாவில் ஹானோவர் என்ற இடத்தில் பழைய சத்திரம் ஒன்றை வாங்கிய பார்க்ஸ்டேல் நாடகக் குழு, சாப்பாட்டோடு நாடகம் போட ஆரம்பித்தது. அங்கே அதைத்தான் முதலாவது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1968-இல் மின்னசோட்டாவில் தொடங்கிய சான்ஹாசன் அரங்கம் இன்னும் நடக்கிறது. எழுபதுகளில் ஊருக்கு ஊர் முளைத்தவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்துவிட்டன. நடந்தவை, நின்றவை பெரும்பாலானவற்றில் வழக்கம்: முதலில் சாப்பாடு, தட்டை எடுப்பார்கள், விளக்கைக் குறைப்பார்கள், அப்புறம்தான் மேடை. ஜெய்ப்பூரில் பந்திக்கும் ஆட்டத்துக்கும் நடுவே சுவர், அமெரிக்காவில் நேரம். எங்கள் கொட்டகையில் இரண்டும் இல்லை. இலை போடும்போதே உறுமி இழுக்கும்.

இதை நான் அப்போது யோசித்துச் சொன்னேன் என்று பெருமையடித்துக்கொள்ள முடியாது. சமையல் மாஸ்டர்தான் கேட்டார், சாப்பாடு முடிந்தபிறகு ஆட்டம் வைத்தால் என்ன என்று. "டிவி பாத்துக்கிட்டேதானே எல்லாரும் சாப்பிடுதாவ" என்றார் முதலாளி. பேச்சு அதோடு நின்றது.

தகரக் கொட்டகைக்குள் தவில்

2016 தையில் திறந்தோம். 120 பேர் உட்காரலாம். பெரியவர்களுக்கு 350 ரூபாய், பிள்ளைகளுக்குப் பாதி. ராத்திரி ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிக்கவேண்டும்; பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. கேளிக்கை இடங்களுக்கான லைசென்ஸோ 1888-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வாங்க வேண்டியது. வெள்ளைக்காரன் காலத்துக் காகிதத்துக்கு நான் நடந்த நடையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். சனிக்கிழமை சொதி. நம் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற அதே சொதி: தேங்காயில் மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய் வேகவைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்குவது. பக்கத்தில் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும். ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி, உளுத்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல். மற்ற நாள்களில் கூட்டாஞ்சோறும் அவியலும். மாஸ்டர் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக் கல்யாணச் சமையல்காரர். கையில் தேன் வைத்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் சொதி காத்திருக்காது. முதல் பால் ஊற்றியபின் மறுபடி சூடுபண்ணினால் திரிந்துபோகும். பூசை, கும்மி, கரகம் என்று மேடையில் வரிசை பத்து நிமிஷம் தள்ளினால், சமையலறையில் ஒரு அண்டா போச்சு. மாஸ்டருக்கும் மேளக்காரருக்கும் முதல் மாதத்திலேயே பேச்சுவார்த்தை நின்றுவிட்டது இதனால்தான்.

அடுத்தது சத்தம். நையாண்டி மேளம் வெட்டவெளிக்காகப் பிறந்தது. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, உறுமி, தாளம். ஊர்ப் பொட்டலில் அடித்தால் பக்கத்து ஊருக்குக் கேட்கவேண்டும், கேட்டுத்தான் அங்கேயிருந்து ஆள் வரும். அதைக் கொண்டுவந்து தகரக் கூரைக்குக் கீழே வைத்தோம். முதல் வாரம் ஒரு பெரியவர் ரசம் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, எழுந்துபோய்ப் பரிமாறுகிற பையனின் தோளைப் பிடித்துத் திருப்பினார். பிறகு பையன்களுக்குக் கைச்சாடை சொல்லிக்கொடுத்தோம். ஒரு விரல் காட்டினால் சாம்பார், இரண்டு விரல் ரசம், கையைக் கவிழ்த்தால் போதும். தென்னங்கீற்றை அடித்தட்டியாகக் கட்டிச் சத்தத்தைக் கொஞ்சம் அடக்கினோம்.

இவ்வளவு இருந்தும் கூட்டம் வந்தது. பொங்கல் விடுமுறை, கன்னியாகுமரி போகிற பஸ்கள், மருமகனை அழைத்துக்கொண்டு மாமனார்கள், சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் படிக்கிற பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு. முதல் இரண்டு மாதம் சனி, ஞாயிறில் இடமில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம். முதலாளி மதுரையில் இன்னொன்று போடலாமா என்று இடம் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பங்குனியில் மேளம் வரவில்லை.

செட்டு

கரகாட்டக்காரர்கள் குழுவைச் செட்டு என்பார்கள். எங்களுக்கு வந்தது சங்கரன்கோவில் பக்கத்துச் செட்டு: மேளம் ஏழு பேர், கரகம் ஆட இரண்டு பெண்கள், குறவன் குறத்தியாக ஒரு ஜோடி, குறவனே பபூனும். மொத்தம் பதினொரு பேர், ஒரு வேன். செட்டை நடத்தியது மூத்த கரகக்காரி. நாங்கள் எல்லாரும் அக்கா என்போம். அவர் முதலாளியை 'மொதலாளி' என்றும் என்னைக் 'கணக்கண்ணாச்சி' என்றும் கூப்பிடுவார். தலையில் செம்போடு ஏணியில் ஏறி இறங்குவார், கண் இமையால் தரையில் கிடக்கும் ஊசியை எடுப்பார். என்னைவிடக் கணக்கில் கெட்டி.

ஒப்பந்தம் ஒரு ராத்திரிக்கு 9,000 ரூபாய், சாப்பாடு நம்முடையது. ஒரு ராத்திரி இரண்டு மணி நேர ஆட்டம்தான், வாரம் ஐந்து நாள், வருஷம் முழுக்க. முதலாளியின் கணக்கில் இது தாராளம். ஊர்க் கோயில் திருவிழாவான கொடையில் ஒன்பது மணிக்கு ஏறினால் விடியும்வரை ஆடுகிறார்கள், இங்கே இரண்டு மணி நேரத்தில் கை கழுவிவிட்டுப் போகலாமே?

அக்காவின் கணக்கு வேறு. கொடைக்கு ஊர்க்காரர்கள் கொடுப்பது அப்போதே எங்கள் கூலியைப் போல மூன்று மடங்கு. அதற்கு மேல் அன்பளிப்பு. பத்து ரூபாய் நோட்டை ஊக்கில் குத்துகிறவர், மைக்கில் பேர் சொல்லவேண்டும் என்பதற்காகவே நூற்றியொன்று கொடுக்கிறவர், மச்சான் நூறு கொடுத்தான் என்று போட்டிக்கு இருநூறு கொடுக்கிறவர். நல்ல ஊரில் அன்பளிப்பே கூலியை நெருங்கும். எங்கள் கொட்டகையில் குடும்பங்கள் வருகிற இடம் என்பதால் முதலாளி அன்பளிப்பைத் தடைசெய்திருந்தார். நோக்கம் நல்லதுதான், நோட்டுக் குத்துகிற சாக்கில் கை நீள்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்த வருமானத்துக்கு ஈடாக அவர் எதுவும் கொடுக்கவில்லை.

பணத்தைக்கூட ஒருமாதிரிச் சரிக்கட்டியிருக்கலாம். கொடையை விட்டுவிட்டு இங்கேயே இருந்தால் கூலியை ஏற்றித் தருகிறேன் என்று முதலாளி ஒருமுறை சொன்னபோது அக்கா சொன்னதுதான் விஷயம். "ஒரு வருசம் ஒரு ஊருக்கு நாள் குடுத்துட்டுப் போகாம இருந்தா, அடுத்த வருசம் அந்த ஊர்ல வேற செட்டு ஏறிரும் மொதலாளி. அப்புறம் எங்க ஆயுசுக்கும் அந்த ஊர் இல்ல. நீங்க கடைய மூடுனா நாங்க எங்க போக?" பரம்பரையாக இன்ன ஊர் இன்ன செட்டுக்கு என்று இருக்கிற உறவு அது. அச்சாரம் வாங்கி நாள் கொடுத்தால், பிள்ளை பிறந்த வீடானாலும் சாவு விழுந்த வீடானாலும் போயாகவேண்டும்.

நம் பக்கத்துக் கொடைக் காலண்டரைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்கள். சித்திரை, வைகாசியில் அம்மன் கொடைகள். செவ்வாயும் வெள்ளியும் ஒரு செட்டுக்கு நாலு ஊர் அழைப்பு. ஆடியில் மறுபடி அம்மனும் சுடலைமாடனும். புரட்டாசியில் குலசேகரன்பட்டினத்துத் தசரா. வேஷம் கட்டி ஊர் ஊராகப் போகிற தசராக் குழுக்கள் ஆட்டக்காரர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்விடும். செட்டுகள் சும்மா இருப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அதில் பாதி மழை. கார்த்திகை பிறந்தால் ஊரில் பாதி ஆம்பிளைகள் மாலை போட்டுக்கொள்வார்கள். நாட்டுக்கோழி அண்டா அப்படியே இருக்கும். மார்கழி கடைசியில் பாளையங்கோட்டை முழுக்கக் கிறிஸ்துமஸ்.

இனிமேல் வாடிக்கையாளர் காலண்டர். பள்ளிக்கூடம் விடுகிற சித்திரை, வைகாசி. பம்பாய், சென்னை, வளைகுடாவிலிருந்து சொந்தங்கள் ஊருக்கு வருவதும் அப்போதுதான், வருவதே கொடைக்காக. குற்றாலத்துச் சாரலுக்குப் போகிற கூட்டம் நகர்வது ஆனி, ஆடி. காலாண்டு விடுமுறை புரட்டாசி.

இரண்டு காலண்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வருகிற ஒவ்வொரு மாதமும் ஆட்டக்காரர் இல்லாத மாதம். இரண்டு பேரும் சேர்ந்து கிடைப்பது தையும் மாசியும். மாசியிலும் பெரும்பாலும் தவக்காலம் தொடங்கிவிடும். நாங்கள் திறந்தது தையில். கிடைத்த அந்த இரண்டு மாதத்தைப் பார்த்துத்தான் முதலாளி மதுரையில் இடம் தேடினார்.

இதில் இன்னொரு வேடிக்கை. கொடை நாளில் எங்கள் கொட்டகைக்கு வரவேண்டிய குடும்பமும் கொடையில்தான் இருக்கும். கொடைக்கு வரி கொடுத்தாயிற்று, சொந்த ஊர்ப் பொட்டலில் பாய் விரித்து விடியவிடியப் பார்க்கலாம், காலையில் கறிச்சோறு. அதே அக்காதான் அங்கேயும் ஆடுகிறார், இன்னும் நன்றாக. 350 ரூபாய் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்க்க யாருக்கு மனசு வரும்?

வார நாள்களின் கணக்கு இதைவிட மோசம். இருபது பேர் வருவார்கள் என்று தெரிந்தால் இருபது பேருக்கு உலை வைக்கலாம். பாதித் தவில் அடிக்க முடியாது. முப்பது பேர் வந்த ராத்திரி, கல்லாவில் விழுவது 10,500. அதில் 9,000 செட்டுக்கு. மிச்சத்தில் அரிசி, தேங்காய், கேஸ், பன்னிரண்டு ஆள் சம்பளம். அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "வேகமெடுத்து ஆடையில நிமிந்து பாத்தா எல்லாரும் குனிஞ்சு இலையப் பாக்காவ. தலை உச்சியப் பாத்தே ஆடுதோம் கணக்கண்ணாச்சி."

மகுடம் அடித்த ராத்திரி

2017 ஆனியில் செட்டு இல்லாத ஒரு வாரத்தைச் சமாளிக்க முதலாளி கணியான் கூத்துக்காரர்களை வரவழைத்தார். தெரியாதவர்களுக்காக: திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் சுடலைமாடன் கொடைகளில் கணியர் சமூகத்தார் மட்டுமே நடத்துகிற கூத்து இது. அண்ணாவி கதை பாடுவார், பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார், பெண்வேஷம் கட்டிய இரண்டு ஆண்கள் ஆடுவார்கள், இரண்டு பேர் மகுடம் என்கிற தோல் வாத்தியம் அடிப்பார்கள். கோயிலில் நள்ளிரவில் கணியர் தன் கையைக் கீறி இரத்தம் கொடுக்கிற சடங்கும் உண்டு. வேடிக்கை காட்டுகிற கலை என்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அண்ணாவி எழுபதை எட்டியவர். ஒப்புக்கொள்ளும்போதே நிபந்தனை போட்டார். சடங்கு எதுவும் கிடையாது. சுடலை பிறப்புவரைக்கும் பாடுவோம், மயானத்துக்குப் போகமாட்டோம். கதை தெரிந்தவர்களுக்கு விளங்கும்: விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை ராத்திரி தொட்டிலை விட்டிறங்கி மயானத்தில் பிணம் தின்னப் போகிற இடம் அது. கோழிக்கறி பரிமாறுகிற இடத்தில் அதைப் பாடுவது அவருக்கே சரியாகப் படவில்லை.

மகுடத்தைச் சூடு காட்டினால்தான் சுருதி ஏறும். சமையலறைக்குப் பின்னால் வைக்கோலைக் கொளுத்தினார்கள். நாலடி தள்ளி கேஸ் சிலிண்டர் வரிசை. மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்து போட்ட சத்தத்தில் பாதிக் கொட்டகை எழுந்து நின்றது. அது ஒருவழியாக அடங்கி, கூத்து ஆரம்பித்தது.

முதல் ஒரு மணி நேரம் அந்த இடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ஒரு மணி நேரம். யாரும் இலையைப் பார்க்கவில்லை. அண்ணாவி காதில் கைவைத்து இழுத்த ராகத்துக்குப் பரிமாறுகிற பையன்கள் வாளியோடு நின்றுவிட்டார்கள். பிறகு பிறப்பு வந்தது, மகுடம் வேகமெடுத்தது. மூன்றாவது வரிசையில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த ஓர் ஆச்சி சோற்றுக் கையோடு எழுந்தார். கொண்டை அவிழ்ந்தது. நாற்காலி சரிந்தது. அருள் வந்துவிட்டது.

கோயிலென்றால் அதற்கு ஆள் இருக்கிறது. பூசாரி இருக்கிறார், திருநீற்றுக் கொப்பரை இருக்கிறது, கேள்வி கேட்கவும் பதில் வாங்கவும் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் பில் புத்தகம்தான் இருந்தது. மகனும் மருமகளும் ஆளுக்கொரு கையைப் பிடிக்கிறார்கள், ஆச்சி உதறுகிறார், குழாய்ச் சட்டை போட்ட ஒரு பையன் மொபைலில் படம் எடுக்கிறான். முதலாளி "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்துகிறார். அண்ணாவி நிறுத்தவில்லை. மகுடக்காரர்களுக்குக் கைகாட்டி வேகத்தை மெல்ல மெல்ல இறக்கினார். அப்படியே வெட்டி நிறுத்தினால் ஆச்சிக்கு ஆகாது என்று பிறகு சொன்னார். கிட்டே போய், "தாயி, இது கோயிலில்ல, சாப்பாட்டுக் கடை. ஒனக்கு எடம் இது இல்ல. மலையேறு தாயி" என்றார். திருநீறு கேட்டார். கல்லாவில் நெல்லையப்பர் படத்துக்கு முன்னால் ஒரு பொட்டலம் கிடந்தது. நான்தான் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆச்சி மலையேறித் தண்ணீர் குடித்தார். மகன் பணம் கேட்டுச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் அண்ணாவி காலில் விழுந்து கும்பிட்டு, தட்டில் ஐநூறு ரூபாய் வைத்துவிட்டுப் போனார். சாப்பாட்டுப் பில்லையும் கொடுத்தார். அன்றைக்கு வந்தவர்களில் யாரும் குறை சொல்லவில்லை.

பயந்தது முதலாளி மட்டும்தான். இனிமேல் இந்த மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை; மாரடைப்பு ஏதும் வந்திருந்தால் யார் பொறுப்பு? ஆனால் அன்றைக்குத்தான் அந்தக் கொட்டகைக்கு ஒரே ஒரு தடவை உயிர் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பென் டிரைவ் வந்த பிறகு

அதே 2017 ஜூலையில் ஜிஎஸ்டி. நுழைவுக் கட்டணத்தில் நாட்டுப்புற ஆட்டத்துக்கு 18 சதவீதம். ஆனால் ஒருவருக்கு 250 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. 2018 ஜனவரி 25-இலிருந்து அது 500 ஆனது. சாப்பாட்டுக்கு ஏசி இல்லாத இடமென்றால் 12, 2017 நவம்பர் 15-இலிருந்து 5. எனவே ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட், சாப்பாட்டுக்கு ஒரு பில் என்று பிரித்துவிடலாம் என்று எங்கள் ஆடிட்டர் சொன்னார். ஒரே விலையில் சேர்த்து விற்றால் எந்த விகிதம் அதிகமோ அது மொத்தத்துக்கும் விழுகிற அபாயம் இருந்தது. முதலாளிக்குப் பிரிக்க மனமில்லை. பிரித்தால் ஆட்டம் வேண்டாம், சாப்பாடு மட்டும் போதும் என்று வருகிறவர்கள் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தார். எனக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. டிக்கெட்டை 450 ஆக்கினார்.

2016 நவம்பர் 8-இல் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றானபோது மூன்று வாரம் செட்டுக்குக் கூலி கொடுக்கச் சில்லறையில்லாமல் திண்டாடியதும் உண்டு. அதெல்லாம் எல்லாக் கடைக்கும் வந்த கஷ்டம். இந்தக் கடை விழுந்ததற்கு அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

விழுந்தது செட்டுக்குப் பதிலாகப் பாட்டுப் பெட்டி வந்தபோது. 2018 பங்குனியில் அக்காவின் செட்டு வழக்கம்போல் கொடைக்குப் போனது. முதலாளி கோபத்தில் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். திருநெல்வேலி டவுனிலிருந்து நாலு நடனப் பள்ளிப் பிள்ளைகள், ஒரு பென் டிரைவ், இரண்டு பெரிய ஸ்பீக்கர். கரகம் தலையில் இருக்கும், பாட்டு சினிமாப் பாட்டு. செம்பில் மணலைக் குறைத்தார்கள். பிறகு பசை போட்டு ஒட்டினார்கள். செலவு மூன்றில் ஒன்றாக இறங்கியது. இரண்டு மாதம் லாபம் காட்டியது; பேரேட்டில் நானே பச்சை மையில் எழுதியிருக்கிறேன்.

மேளம் இருந்தவரை ஆட்டத்தின் வேகத்தைத் தவில்காரர் கையில் வைத்திருந்தார். கூட்டத்தில் ஒருவன் எல்லை மீறினால் குறவன் வேஷக்காரர் நாலு வார்த்தை விட்டு அவனைக் கேலியிலேயே உட்காரவைத்துவிடுவார். பென் டிரைவுக்கு அந்த வித்தை தெரியாது. "அந்தப் பாட்டப் போடுங்க அண்ணாச்சி" என்று கேட்கிற கூட்டம் வர ஆரம்பித்தது. எந்தப் பாட்டு என்று உங்களுக்கே தெரியும். வெளியே குடித்துவிட்டு வருவார்கள். ஒரு ராத்திரி மேடைக்குக் கீழே தகராறு, போலீஸ் வந்தது. கோயில் விழாக்களில் ஆபாச ஆட்டம் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் கண்டிப்பு இருந்த காலம். இன்ஸ்பெக்டர் எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசினார். ஊரில் அந்தப் பேச்சு பரவ ஒரு வாரம் போதாதா? சொதிக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்கள் நின்றன. நடனப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டார் அனுப்ப மாட்டோம் என்றார்கள், நியாயம்தான்.

2019 சித்திரையில் முதலாளி அக்காவுக்கே போன் போட்டார். பழைய கூலியைப் போல இரண்டு மடங்கு தருவதாகச் சொன்னார். அந்த மாதம் அக்காவுக்கு இருபத்திரண்டு ராத்திரி நாள் கொடுத்திருந்தது. ஆடாத எட்டு நாளில் வரட்டுமா என்று அவரே கேட்டார். எட்டு நாளுக்காகக் கொட்டகையைத் திறந்துவைக்க முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பேரேட்டில் 'ஆட்டம்' என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியும் இல்லை. சாப்பாடு மட்டும் கொஞ்ச நாள் ஓடியது.

அந்த எட்டு நாளைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பேன். வருஷம் முழுக்கத் திறந்திருக்கவேண்டும் என்று யார் சொன்னது? மாதம் எட்டு நாள், தையிலும் மாசியிலும் மட்டும் பதினைந்து நாள் என்று செட்டின் காலண்டரை முதலில் வைத்துக்கொண்டு கடையை அதற்குள் பொருத்தியிருக்கலாம். ஏழு மணிக்குச் சொதி, எட்டரைக்கு இலை எடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் மேளம் என்று பிரித்திருந்தால் மாஸ்டருக்கும் தவிலுக்கும் சண்டை வந்திராது. அன்பளிப்பைத் தடுக்காமல் ஒரு தட்டு வைத்து, மைக்கில் பேர் சொல்லி, அதைச் செட்டுக்கே விட்டிருக்கலாம். மற்ற நாள்களில் அந்த மாஸ்டரின் கைக்கே கூட்டம் வந்திருக்கும். கொட்டகையை இப்போது வாடகைக்கு எடுத்திருப்பவர் பரோட்டாவும் சால்னாவும் போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை.

2022 ஆடியில் களக்காட்டுக்குப் போகிற வழியில் ஓர் அம்மன் கொடை. பொட்டலில் பம்பைச் சத்தம் கேட்டு வண்டியை ஓரங்கட்டினேன். அக்காதான். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தார், ஏணி இல்லை, மற்றபடி அதே ஆட்டம். இடைவேளையில் என்னைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு வந்தார். மாஸ்டர் எங்கே இருக்கிறார், முதலாளிக்கு உடம்புக்குத் தேவலையா என்றெல்லாம் கேட்டார். "சொதி இப்பம் எங்க கிடைக்கும்?" என்றும் கேட்டார். கிளம்பும்போது நூற்றியொரு ரூபாயை மைக்காரரிடம் கொடுத்துப் பேர் சொல்ல வேண்டாம் என்றேன். அக்கா விடவில்லை, அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டு மேளத்துக்குப் போனார்.

வண்டியை எடுக்கும்போது குழாயில் கேட்டது: "பாளையங்கோட்டை ஆட்டுக்கடைக் கணக்கப்பிள்ளை அவர்கள் அன்பளிப்பு ரூபாய் நூற்றியொன்று!"